நீர் வற்றிய ஆமையும் ஊர் சுற்றிய ஆமையும்

நாகல் நகரின் தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குப் பஞ்சதந்திரத்து ஆமைக் கதை பாட்டிமார் வாய்வழி வந்த சொத்து. இரு அன்னங்கள் ஒரு கோலின் இரு முனைகளையும் கவ்விப் பறக்க, நடுவே வாயால் பற்றித் தொங்கிய ஆமை வாய் திறந்து, விழுந்து மடியும் கதை அது. சில ஆண்டுகளுக்கு முன் இதன் பிரெஞ்சு வடிவத்தை வகுப்பில் சொன்னபோது, "அப்படியானால் அவர் நம்மிடமிருந்து திருடிவிட்டாரா ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நானும் பெருமிதத்தோடு தலையசைத்துவிட்டேன். அது தவறு என்று பின்னரே உணர்ந்தேன்.

மாணவர் குறிப்பிட்ட 'அவர்' லா ஃபொந்தேன் (1621–1695). கொர்னேய், மோலியேர், ரசீன் ஆகியோரோடு சேர்த்துப் பிரெஞ்சு இலக்கியத்தின் செவ்வியல் காலத்தவராகப் போற்றப்படுபவர். 1668இல் வெளிவந்த அவரது முதல் நீதிக்கதைத் தொகுதி பெரிதும் ஈசாப்பை ஒட்டியது. 1678இல் இரண்டாம் தொகுதியின் முகப்பிலோ, தம் புதிய கதைகளுட் பெரும்பகுதிக்கு 'பில்பாய்' என்னும் இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே நன்றியுடன் எழுதினார். கடனை ஒப்புக்கொண்டவரைத் திருடர் என்பது எங்ஙனம்?

அக்கதைகள் அவரை அடைந்த வழி நெடியது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில் பர்சோய் என்னும் மருத்துவர் வடமொழியிலிருந்து பகலவி மொழிக்குக் கொண்டு சென்றார். எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அதனை அரபு மொழியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் காஷிஃபி பாரசீகத்தில் புதுக்கினார். அந்நூல்வழி வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1644இல் பாரிஸில் அச்சேறியது. முகலாய அரசில் மருத்துவராயிருந்து திரும்பிய பெர்னியேவும் லா ஃபொந்தேனும் மதாம் த லா சப்லியேரின் இல்லத்தில் பழகியவர்கள் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இனி ஆமைக்கு வருவோம். பஞ்சதந்திரத்தில் மழை பொய்த்து ஏரி வற்றுகிறது. உயிர் பிழைக்கவே ஆமை ஊரை விடுகிறது. அரபு வடிவத்திலும் நீர்க்குறைவு உண்டு. லா ஃபொந்தேனின் ஆமைக்கோ பஞ்சமில்லை. வளை சலித்துப்போய் உலகைப் பார்க்க விரும்புகிறது. வாத்துகள் அமெரிக்காவரை அழைத்துச் செல்வதாகச் சொல்கின்றன. நம் கதையில் கீழே எழுந்த ஆரவாரம் என்னவென்று கேட்க ஆமை வாய் திறக்கிறது. அவர் கதையிலோ ஊரார் அதனை ஆமைகளின் அரசி என வியக்க, 'ஆம், நான் அரசியே' என்று சொல்லி விழுகிறது. பதினான்காம் லூயியின் அரசவைக் காலத்து வாசகர்க்கு அந்தத் தற்பெருமை யாருடையது என்று விளக்க வேண்டியிருக்காது.

வறட்சி அகன்ற இடத்தில் வீண்பெருமை வந்து அமர்ந்தது. இதுவே அவருடைய ஆக்கம். ஆனால் வானம் பார்த்த பூமியான திண்டுக்கல் சமவெளியில் நின்று படிக்கும் நமக்கு, நம் ஆமையின் சாவு சற்றுக் கூடுதலாகவே வலிக்கிறது. அது ஆசைப்பட்டுப் பறக்கவில்லை. வேறு வழியின்றிப் பறந்தது.

மற்றொரு செய்தியும் நம் பெருமிதத்தை அடக்கும். தென்னிந்தியாவில் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பாதிரியார் துபுவா, தமிழ் உள்ளிட்ட தென்மொழி வடிவங்களிலிருந்து பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் தந்து, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் உடன்சேர்த்து 1826இல் பாரிஸில் வெளியிட்டார். அதே 1826இல்தான் தாண்டவராய முதலியாரின் தமிழ் உரைநடைப் பஞ்சதந்திரம் சென்னையில் வெளிவந்தது. முதலியார் அதை மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார்!

ஆக, நாமும் வாங்கியவர்களே. அன்று கேள்வி கேட்ட மாணவர் இதைப் படிக்க நேர்ந்தால், என் தாமதமான விடை இதுதான்: கதைக்கு உரிமையாளர் யார் என்று கேட்பதைவிட, வாங்கியவர் அதை என்ன செய்தார், தந்தவரை நினைத்தாரா என்று கேட்பதே இலக்கிய மாணவர்க்கு அழகு.