காஞ்சூரையும் தேற்றாவும்: வன்னிக் காட்டின் இரு மரங்களும் ஒரு ஹோமியோபதி மருந்தும்

போன வருஷம் பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் ஒரு சிறிய குப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே கடுகளவு வெள்ளை உருண்டைகள். உம்மும்மாவின் வயிற்றுக் கோளாறுக்காகக் கொழும்பிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய ஹோமியோபதி மருந்தாம். மேலே ‘நக்ஸ் வோமிகா’ என்று எழுதியிருந்தது.

“சேர், இது எந்த மரத்தில எடுக்கிற மருந்து?”

பாடசாலை வேலிக்கு அப்பால் நிற்கும் காஞ்சூரையைக் காட்டினேன்.

“அது நஞ்சு மரமெல்லா சேர்? உம்மா கிட்டப் போகவும் விடமாட்டாவே!”

அந்தப் பிள்ளையின் திகைப்பு நியாயமானது. வேலிக்கரையில் நஞ்சாக நிற்கும் மரம் குப்பிக்குள் மருந்தானது எப்படி? அன்று மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பெயரும் ஊரும்

தமிழகத்தார் எட்டி என்பதை நாங்கள் காஞ்சூரை என்போம். காஞ்சிரை, காஞ்சிரம் என்பனவும் அதே மரந்தான். தொட்டால் அரிக்கும் காஞ்சொறி வேறு செடி. பெயர் ஒலியால் குழம்பக்கூடாது. பளபளப்பான இலை, தோடம்பழம் போன்ற மஞ்சட் சிவப்புப் பழம், அதனுள்ளே வெண்ணிறச் சதை, சதைக்குள் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறப் பட்டு மயிர் போர்த்த விதைகள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. ஆடு வாய் வைக்காது. கறையானுக்கும் இதன் மரம் பிடிக்காது. அதனால்தான் கமத்தொழிற் கருவிகளுக்கு இதை விரும்பினார்கள்.

வவுனியா வடக்கிலே காஞ்சூரமோட்டை என்று ஓர் ஊர் உண்டு. மோட்டை என்றால் சிறிய நீர்நிலை. மரத்தின் பெயரோடு குளம், மோட்டை, மடு, ஓடை என்று நீரின் பெயரைச் சேர்த்து ஊருக்குப் பெயர் வைப்பது வன்னியின் பழக்கம். வேப்பங்குளம், இலுப்பைக்குளம், மருதோடை, ஆண்டியாபுளியங்குளம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆங்கிலேய நிர்வாகியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். இந்த இடப்பெயர்களைப் பற்றித் தனியாகவும் எழுதினார். எந்த மரத்தடியில் எந்த நீர் கிடைக்கும் என்பதை ஊர்ப் பெயரே வழிப்போக்கனுக்குச் சொல்லிவிடும்.

தமிழ் இலக்கியத்தில் இந்த மரத்துக்கு நல்ல பெயரில்லை. ஈயாதவன் வாழ்வை எட்டி பழுத்ததற்கு ஒப்பிடும் பழமொழி நம்மூரிலும் வழங்குகிறது. வள்ளுவரும் பிறரால் விரும்பப்படாதவனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த நச்சு மரத்துக்கு ஒப்பிட்டார். எந்த மரமென்று பெயர் சொல்லவில்லை. பழம் அழகு, பயன் இல்லை என்பதே புலவர்களின் தீர்ப்பு. வைத்தியர்களின் தீர்ப்பு வேறு.

பரியாரியும் ஹக்கீமும்

சித்த வைத்தியத்தில் எட்டிக் கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. கொட்டையை ஊறவைத்து அவித்து, மேற்றோலை உரித்து, இரண்டாகப் பிளந்து உள்ளிருக்கும் முளையை நீக்கி, பாலில் வேகவைத்து, நெய்யில் வறுத்து என்று பரம்பரைக்குப் பரம்பரை சிறு சிறு வேறுபாடுகளோடு முறைகள் உண்டு. அதன் பிறகே வாத நோய்களுக்கும் மூட்டு வலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மருந்தில் சேரும். ஆயுள்வேதமும் பாலையும் நெய்யையுமே நம்பியது.

நமது யூனானி மருத்துவத்தில் இதன் பெயர் அஸராக்கி. வட இந்திய வழக்கில் குச்லா. ஹக்கீம்கள் ‘தத்பீர்’ என்று சொல்வது சித்தரின் ‘சுத்தி’யைத்தான். ஊறவைத்தல், தோலுரித்தல், முளை நீக்கல், பாலில் வேகவைத்தல் என்று படிகளும் ஏறக்குறைய அவையே. ஹப்பே அஸராக்கி என்ற குளிகையும் மஃஜூனே அஸராக்கி என்ற லேகியமும் பாரிசவாதம், முகவாதம், மூட்டு வாதம் ஆகியவற்றுக்கு இன்றும் பெயர் பெற்றவை. வேறு வேறு மொழிகளில் எழுதிய வைத்தியர்கள் ஒரே கொட்டையின் ஒரே முளையைக் கிள்ளி எறிந்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் கற்காமல் இது நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இலங்கையில் 1929 இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுள்வேதம், சித்தம், யூனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. 1961 இன் ஆயுள்வேதச் சட்டமும் இம்மூன்றையும் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஹோமியோபதிக்கு 1970 இல் தனிச் சட்டம் வந்தது. காரணம், அது இந்த மண்ணில் முளைத்த வைத்தியமல்ல.

ஐரோப்பாவுக்குப் போன கொட்டை

‘நக்ஸ் வோமிகா’ என்ற லத்தீன் பெயருக்கு ‘வாந்திக் கொட்டை’ என்று பொருள். அரபு மருத்துவ நூல்களில் வரும் ‘ஜவ்ஸுல் கைஃ’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. ஆனால் அரபு வைத்தியர்கள் அப்பெயரால் முதலில் குறித்தது வேறொரு செடியின் கொட்டை என்பது ஆய்வாளர் கருத்து. காஞ்சூரை விதைக்கு வாந்தி உண்டாக்குவது சிறப்புக் குணமுமல்ல. பெயர் இடம் மாறி ஒட்டிக்கொண்டது. 1678 இல் அம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ முதற் தொகுதியில் இம்மரம் மலையாளப் பெயரான காஞ்சிரத்தை ஒட்டி ‘கனிரம்’ என்று படத்தோடு இடம்பெற்றது. லின்னேயஸ் 1753 இல் ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வோமிகா என்று தாவரவியற் பெயர் சூட்டியபோது அந்தப் படத்தையும் சான்றாகக் காட்டினார்.

ஐரோப்பாவில் அக்காலத்தில் இக்கொட்டைக்கு இருந்த பெரிய வேலை, நாயையும் காகத்தையும் கொல்வது. அதை மருந்து மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய வைத்தியர் சாமுவேல் ஹானிமன். சுகதேகி ஒருவருக்கு எந்த மருந்து எந்தக் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகளுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்பது அவரது கொள்கை. 1796 இல் இதைக் கட்டுரையாக எழுதினார். 1810 இல் ‘ஓர்கனன்’ நூலாக வந்தது. 1811 இல் வெளியிட்ட மருந்துப் பொருள் நூலின் முதற் தொகுதியிலேயே நக்ஸ் வோமிகாவைச் சேர்த்தார். நாள் முழுக்க இருந்த இடத்திலேயே வேலை, காரமான சாப்பாடு, அளவுக்கு மிஞ்சிய கோப்பி, தூக்கக் குறைவு, சட்டென்று வரும் கோபம், செரிமானக் கோளாறு, மலச்சிக்கல்: இப்படிப்பட்டவருக்கு உரிய மருந்து இது என்கிறார்கள் ஹோமியோபதியர். பரீட்சைத்தாள் திருத்தும் காலத்தில் எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்குள் நுழைந்தால் எல்லாருக்குமே இதை எழுதிக் கொடுத்துவிடலாம்!

1818 இல் பிரான்சின் பெல்லெற்றியேயும் கவாந்துவும் இவ்வினக் கொட்டைகளிலிருந்து ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். முள்ளந்தண்டு நரம்புகளில் தசையை அடக்கிவைக்கும் சைகையை அது தடுத்துவிடும். கடிவாளம் அறுந்த குதிரைபோலத் தசைகள் இழுத்துக்கொள்ளும். சிறு சத்தமும் வெளிச்சமும் வலிப்பைத் தூண்டும். நோயாளிக்கு நினைவு தப்பாது. இறுதியில் மூச்சுத் தசைகள் இறுகி உயிர் போகும்.

குப்பிக்குள் இருப்பது என்ன?

அப்படியானால் அந்தப் பிள்ளையின் உம்மும்மா விழுங்குவது நஞ்சையா? இல்லை. விதையை மதுசாரத்தில் ஊறவைத்துத் தாய்க்கரைசல் எடுப்பார்கள். அதில் ஒரு பங்கை 99 பங்கு மதுசாரத்திலோ நீரிலோ கலந்து குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரு பங்கை மீண்டும் 99 பங்கில் கலப்பார்கள். இப்படி 12 தடவை செய்தால் செறிவு ஒன்றுக்குப் பின் 24 பூச்சியம் போட்ட எண்ணில் ஒரு பங்காகக் குறையும். இரசாயனவியலில் நாம் கற்பிக்கும் அவகாதரோ எண்ணோ ஏறக்குறைய 6 இற்குப் பின் 23 பூச்சியம்தான். எனவே 12 ஐத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருப்பது அரிது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 ஆம் வீரியம் அதற்கும் எவ்வளவோ அப்பால். தாய்க்கரைசலும் மிகக் குறைந்த வீரியங்களும் அப்படியல்ல. அவற்றில் நஞ்சு உண்டு.

இந்த உருண்டைகள் நோயைத் தீர்க்குமா? பலன் கண்டதாகச் சொல்பவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் கிடைத்த ஆய்வுகளைப் பரிசீலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2015 இல் முடிவு சொன்னது. நான் வைத்தியன் அல்ல. எண்ணிப் பார்த்தால் எனக்கும் அந்த முடிவே சரியாகப் படுகிறது. சீனி உருண்டையை நம்பி நெஞ்சு வலியையோ சலரோகத்தையோ தள்ளிப்போடக்கூடாது என்று அந்தப் பிள்ளையிடமும் சொன்னேன்.

எந்த நோயையும் மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற ஹதீஸை நாம் அடிக்கடி சொல்கிறோம். கேடான மருந்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும் ஹதீஸ் உண்டு. அங்கே கேடானது என்பது நஞ்சைக் குறிக்கும் என்று இமாம் திர்மிதி விளக்கியிருக்கிறார். முதலாவது ஹதீஸ் மருந்தைத் தேடச் சொல்கிறது, இரண்டாவது தேடும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்கிறது. காஞ்சூரை விதையைச் சுத்தி செய்யக் கற்ற பரியாரியும் ஹக்கீமும் இரண்டையுமே கடைப்பிடித்தவர்கள். கேள்விப்பட்டதை வைத்து வீட்டில் கொட்டையை அவித்துப் பார்ப்பது அப்படியல்ல, அது உயிராபத்து.

உடன்பிறந்த மரம்

காஞ்சூரைக்கு ஸ்ட்ரிக்னோஸ் இனத்திலேயே ஒரு சகோதரம் உண்டு. அதுதான் தேற்றா. நாங்கள் தேத்தா என்போம்; சிங்களத்தில் இங்கினி. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கிருமி சாகாது, கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். சித்த வைத்தியர் இதில் லேகியமும் செய்வர். கிழக்கில் காஞ்சிரங்குடாவும் இருக்கிறது, தேற்றாத்தீவும் இருக்கிறது. நஞ்சின் பெயரையும் தெளிவின் பெயரையும் நம் முன்னோர் ஒருபோலவே ஊருக்கு வைத்தார்கள்.

கலித்தொகையில் இம்மரத்தின் பெயர் ‘இல்லம்’. அதன் விதையால் கலங்கிய நீர் தெளிவதுபோல ஒருத்தியின் மனம் தெளிந்ததாக அங்கே ஓர் உவமை வருகிறது. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கு உம்மும்மாவின் ஞாபகம் வந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளில் ஒரு முஸ்லிம் வீட்டிலும் விளக்கு எரியவில்லை. நான் அப்போது சின்னப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் வந்து இருந்த முதற் கிழமையில், உம்மும்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலைந்து தேத்தாங்கொட்டையை எடுத்தா. நகை வரவில்லை, காணி உறுதி வரவில்லை, அது வந்திருந்தது. தண்ணீர் தெளிந்தது. ஆனால் உவர்ப்பு போகவில்லை. தேற்றா கலங்கலைத்தான் தெளிவிக்கும். உப்பை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. உம்மும்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் “கொட்டை நல்லதுதான் மகன், தண்ணிதான் நம்மட இல்ல” என்றா.

2009 இன் பிறகு வாப்பாவும் நானும் காணி பார்க்கப் போனோம். எங்கும் காடு. கிணறு தூர்ந்து கிடந்தது, வேலி இல்லை, வீட்டு அத்திவாரமும் பற்றைக்குள். எல்லை எதுவென்று தெரியாமல் நின்றோம். பக்கத்துக் காணித் தமிழ்ப் பெரியவர் வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், “தம்பி, உங்கட எல்லைக் காஞ்சூரை இன்னும் நிக்குது, வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனார். முதிரையும் பாலையும் பலகைக்குப் போயிருந்தன. ஒருவருக்கும் வேண்டாத மரம் மட்டும் எங்களுக்காகச் சாட்சிக்கு நின்றது. அங்கிருந்து அடியளந்துதான் கிணற்றைக் கண்டுபிடித்தோம்.

அந்தப் பெரியவரும் வாப்பாவும் இப்போது இல்லை. எந்தக் கொட்டையில் எந்த முளையைக் கிள்ளவேண்டும், எந்த மரத்தடியில் எவருடைய எல்லை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். மீள்குடியேறிய நம் பிள்ளைகள் புத்தளத்து உப்பளத்தை அறிவார்கள், வன்னிக் காட்டை அறியமாட்டார்கள். காடு வெட்டும்போது முதலில் விழுவதும் இந்த வேண்டாத மரங்கள்தான். ஒவ்வோர் ஊரிலும் பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் சேர்ந்து, இருக்கிற முதியவர்களிடம் மரங்களின் பெயரையும் பயனையும் எல்லைக் கதைகளையும் கேட்டு எழுதிவைக்கவேண்டும். அயலூர்த் தமிழ்ப் பெரியவர்களிடமும் கேட்கவேண்டும். நமது பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

குப்பி கொண்டுவந்த பிள்ளைக்கும் அவளுடைய வகுப்புக்கும் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு மரங்களின் பெயர் கொப்பியில் ஏறியிருக்கிறது. முதற் பக்கத்தில் காஞ்சூரை. அதற்கு நேரே சிவப்பு மையில் ‘நஞ்சு, தொடாதே, வெட்டாதே’ என்று எழுதியிருக்கிறாள்.