இரண்டாம் தட்டில் இருந்த வெற்றியணி



பாசிர் பெனம்பாங் முதல் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் வரை, திடலில் பந்து உதைத்து வளர்ந்தோர் பலர். அவர்களுக்குச் சிலாங்கூர் அணியின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவ்வரலாறு தோல்வியில்தான் தொடங்கியது. 1921இல் முதல் மலாயாக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் தோற்றது. மறு ஆண்டே கிண்ணத்தை வென்றது.

2002இல் மலேசியக் கிண்ணத்தைக் கையிலேந்திய அணிக்கு, 2004இல் சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் இடமில்லை. இரண்டாம் தட்டான பிரீமியர் லீக்கில் ஆட நேர்ந்தது. அவ்வாண்டும் மேலேற இயலவில்லை. புகழ்மிக்க அணிக்கு இதனினும் பெரிய தலைகுனிவு வேறென்ன?

ஆயினும் அணியை எவரும் கைவிடவில்லை. 2005இல் டோலா சாலே பயிற்றுநராக இருந்தார். இந்தோனேசியாவிலிருந்து பம்பாங் பமுங்காஸும் எலி அய்போயும் வந்தனர். அந்த ஒரே ஆண்டில் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றும் சிலாங்கூரின் வசமாயின. மலேசியக் கிண்ண இறுதியில் பெர்லிசை 3-0 என வீழ்த்தியது. மூன்று கோல்களையும் பம்பாங்கே அடித்தார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கிண்ணங்களை வென்றபோதும் அவ்வணி இரண்டாம் தட்டில்தான் இருந்தது. தட்டு என்பது நேற்றைய கணக்கு. இன்றைய ஆற்றலின் அளவன்று.

நம் பள்ளிகளில் கடைசி வகுப்பில் அமர்த்தப்படும் பிள்ளைக்கும் இது பொருந்தும். தோற்ற அணிக்குத் தேர்ந்த பயிற்றுநரைத் தேடித் தருகிறோம். தோற்ற பிள்ளைக்கோ பல வேளைகளில் வசைமொழியே மிஞ்சுகிறது. சிறந்த ஆசிரியர் முதலில் செல்ல வேண்டியது எந்த வகுப்புக்கு?

சிந்திப்போம்.