வெயிலும் லேசரும்: ஒரே நிறமியைத் தேடும் இரு ஒளிகள்

வெயில் தோலைக் கறுக்க வைக்கிறது. லேசர் அந்தக் கறுப்பை நீக்க வருகிறது. இவற்றை எதிரிகளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அருகருகே வைத்துப் பார்த்தால் நெருங்கிய உறவு புலப்படும். இரண்டும் ஒளி. இரண்டும் நாடுவது தோலின் நிறமியான மெலனினை.

இலங்கையின் கிழக்கிலுள்ள வெருகல் வட அகலாங்கு 8 பாகையை ஒட்டியிருக்கிறது. ஏப்ரலிலும், மீண்டும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வயலிலும் ஆற்றிலும் உழைப்பவரின் கைக்கடிகாரப் பட்டியைக் கழற்றினால் அதன் கீழே இளநிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதுவே பிறவி நிறத்துக்கு நெருக்கமானது. நிறம் சீராக வேண்டும் என்று வருபவருக்கு லேசர் நியாயமாகத் தரக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அதுதான். அதற்கு மேலும் வெளுப்பாக்கித் தருவோம் என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

வெயில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. லேசருக்கோ சில நனோ செக்கன்கள் போதும். ஒரு நனோ செக்கன் என்பது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவுமுன் நிறமித் துகள் நொறுங்கிவிட வேண்டும். நொறுங்கியதை உடல் மெல்ல அகற்றிக்கொள்ளும். ஆய்வாளர்கள் அண்டர்சனும் பாரிஷும் 1983இல் விளக்கிய தத்துவம் இது. நம் போன்ற மாநிறத்தாருக்கு 1064 நனோமீற்றர் அலைநீளத்தை மருத்துவர்கள் விரும்புவதற்கும் காரணம் உண்டு. அது மேற்தோலின் மெலனினில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு ஆழத்துக்குச் செல்கிறது.

உறவு வெளிப்படுவது அளவு மீறும்போதுதான். வெயில் மிகுந்தால் தோல் கறுக்கும். லேசரின் சூடு மிகுந்து தோல் அழன்றாலும் அதே இடம் கறுக்கும். மாநிறத் தோலில் இந்த ஆபத்து அதிகம். இன்னும் வியப்பானது வெண்புள்ளி. வயதும் வெயிலும் சேர்ந்து முன்கையிலும் கணைக்காலிலும் அரிசிமணி அளவு வெண்புள்ளிகளைக் கொண்டுவருகின்றன. குறைந்த வீச்சு லேசரை முகத்தில் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் புள்ளிகள் வருவதுண்டு. ஒன்று கறுப்பைத் தருவது, மற்றது கறுப்பை எடுப்பது. வரம்பு கடந்ததும் இரண்டும் ஒரே தடத்தை விடுகின்றன.

லேசரின் வீச்சைத் தீர்மானிக்குமுன் மருத்துவர் பார்க்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலும், வெயிலில் உங்கள் தோல் எரியுமா கறுக்குமா என்றுதான் கேட்கிறது. 1975இல் அது தோன்றியபோது பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கு அதில் தனி வகை இருக்கவில்லை. அவை பின்னரே சேர்க்கப்பட்டன.

கன்னத்திலும் மேலுதட்டிலும் படரும் மங்குவில் வெயிலும் லேசரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லேசர் மங்கலாக்கியதை வெயில் திரும்பக் கொண்டுவருகிறது. நகரத்தில் சிகிச்சை பெற்று ஏ15 வீதியில் மோட்டார் சைக்கிளில் வெருகலுக்குத் திரும்பும் பயணத்திலேயே அது தொடங்கிவிடலாம். புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் மங்குவை வளர்க்கும். ஆகவே இரும்பு ஒக்சைட்டு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிறீனே மங்குவுக்கு ஏற்றது.

மங்கு உள்ளவர்கள் முதலில் குடை, அகன்ற தொப்பி, சன்ஸ்கிறீன், தோல் வைத்தியர் தரும் பூச்சு ஆகியவற்றைச் சில மாதங்கள் விடாமல் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் லேசர் தேவைப்பட்டால், முகம் முழுவதிலும் தொடங்குமுன் ஒரு சிறு இடத்தில் செய்து பார்க்கும்படி கேளுங்கள்.