இன்மையின் இனம்

ஒரு பொருளை உருவாக்கித் தரும் நிரல்பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். ஒரே பெயரில் பல இருக்கலாம். நாம் தரும் மதிப்பின் இனத்தைப் பார்த்துக் கம்பைலர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. பலபொருள் ஒருசொல்லை வினையும் இனமும் சார்பும் தெளிவாக்கும் என்கிறது தொல்காப்பியம். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. சரி, தருவது ஒன்றுமில்லாத 'நல்' என்றால்? இன்மைக்கு எது இனம்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1965இல் டோனி ஹோர் அல்கால் டபிள்யூ மொழிக்குச் சுட்டுகளை வடிவமைத்தார். சுட்டுகள் எல்லாம் பாதுகாப்பானவை என்பதைக் கம்பைலரே உறுதிசெய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால், செய்வதற்குச் சுலபம் என்பதால், எதையும் சுட்டாத சுட்டு ஒன்றையும் உள்ளே விட்டுவிட்டார். அது தன்னுடைய நூறு கோடி டாலர் பிழை என்று 2009இல் லண்டன் மாநாடொன்றில் அவரே சொன்னார்.

சி++ மொழியில் 'நல்' என்பது பெரும்பாலும் வெறும் பூஜ்யம். முழுஎண் கேட்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பாயிண்டர் கேட்பது ஒன்றும் இருந்தால், பாயிண்டரை மனதில் வைத்து எழுதிய பூஜ்யம் முழுஎண்ணிடம் போய்ச் சேரும். இதைச் சரிசெய்யும் 'நல்பாயிண்டர்' 2011இல்தான் வந்தது.

ஜாவா வேறு வழியில் போயிற்று. 1996இல் வெளியான அதன் வரையறை 'நல்'லுக்குத் தனி இனம் தந்தது, பெயர்தான் தரவில்லை. இந்தப் பெயரற்றது எந்தச் சுட்டினத்துக்குள்ளும் நுழையும். எல்லாக் கதவும் திறந்திருந்தால்? இருப்பதில் குறுகியதைத் தேர் என்கிறது விதி. ஆப்ஜெக்ட், டபுள் அணி இரண்டும் இருந்தால் டபுள் அணிதான். ஒன்றுமில்லாதது பொதுவானதுக்குத்தானே போகணும் என்று நாம் நினைப்போம். ஜோஷுவா பிளாக்கும் நீல் காஃப்டரும் 2005இல் வெளியிட்ட ஜாவா புதிர் நூலில் இதுவும் ஒரு புதிர்.

ஸ்ட்ரிங்கும் இன்டிஜரும் இருந்தால்? ஒன்று மற்றதற்குள் அடங்காது. கம்பைலர் கையை விரித்துவிடும். 'நல்'லுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஸ்ட்ரிங் என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் ஏற்கும்.

எனக்கு இந்த மறுப்புதான் நேர்மையாகப் படுகிறது. மற்ற இடங்களில் விதி சத்தமில்லாமல் முடிவெடுத்துவிடுகிறது. நாமும் அதை இயல்பு என்று நம்பிவிடுகிறோம். இன்மைக்கு அடையாளம் இல்லை என்பது நம்ம மயக்கம். வாசிக்கிற விதி அதன்மேல் ஓர் அடையாளத்தை ஒட்டிவிடுகிறது. யார் ஒட்டியது என்று கேட்க, கம்பைலர் எங்காவது தடுமாறி நிற்க வேண்டியிருக்கிறது.