இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 5 ஜூன் 1994) கடலூரைச் சேர்ந்த இந்தியக் கால்பந்து வீராங்கனை. நடுக்களத்தில் ஆடுபவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இந்தியாவுக்காகத் தெற்காசிய வாகையர் பட்டங்களையும், மூன்று வெவ்வேறு கிளப்புகளுடன் இந்திய மகளிர் லீக் பட்டங்களையும், தமிழ்நாட்டுடன் தேசியப் பட்டத்தையும் வென்றவர். 2023–24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாக அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இவரைத் தேர்ந்தெடுத்தது.

பின்புலம்

காவிரிப் படுகையின் வடக்கு எல்லையில் உள்ளது கடலூர் மாவட்டம். நெல்லும் கரும்பும் விளையும் இந்த மண்ணில் பெண்கள் கால்பந்து வேரூன்றியதற்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் ஒரு காரணம். பெற்றோரையும் வீட்டையும் இழந்து அரசு விடுதிகளில் தங்கிய சிறுமிகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அந்த முயற்சியில் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, 2017–18 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கிலேயே ஆடியது. மாநில அணிக்குக் கடலூர் தொடர்ந்து ஆட்டக்காரர்களை அனுப்பிவருகிறது. இந்துமதி அந்த ஊர் தந்தவர்களில் முதன்மையானவர்.

ஆட்டமுறை

தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இடையே பந்தைக் கடத்துவதே நடுக்கள ஆட்டக்காரரின் முதல் வேலை. இந்துமதி அதோடு நிற்பதில்லை. முன்னேறிச் சென்று கோலும் அடிப்பார்.

இந்திய அணியில்

2016 தெற்காசிய மகளிர் வாகையர் போட்டி சிலிகுரியில் நடந்தது. 2017 ஜனவரி 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா 3–1 என வங்கதேசத்தை வீழ்த்தியது. மூன்றாவது கோலை இந்துமதி அடித்தார்.

அடுத்த போட்டி 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில். அரையிறுதியில் மீண்டும் வங்கதேசம். முதல் பாதி முடிவதற்குள் இந்துமதி இரண்டு கோல்கள் போட, ஆட்டத்தின் முடிவு அங்கேயே தீர்மானமாகிவிட்டது. இந்தியா 4–0 என வென்றது. இறுதியில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணில், உள்ளூர் ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே, 3–1 என வென்று இந்தியா தொடர்ச்சியாக ஐந்தாவது முறை பட்டம் பெற்றது. தொடர் முழுவதிலும் நான்கு கோல்கள் அடித்த இந்துமதி, அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் இடம்பெற்றார்.

2021 நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகருக்கு ஆடச் சென்ற இந்திய அணியிலும், 2022இல் இந்தியாவில் நடந்த ஆசியக் கோப்பை அணியிலும் இவர் இருந்தார். ஆசியக் கோப்பையில் ஈரானுடன் 0–0 எனச் சமன் செய்த இந்திய அணி, வீராங்கனைகள் பலருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதால் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. சொந்த மண்ணில் கைநழுவிய அந்த வாய்ப்பு, அத்தலைமுறை ஆட்டக்காரர்களுக்குப் பெரும் இழப்பு.

மாநில அணியும் கிளப்புகளும்

தேசிய மகளிர் வாகையர் போட்டியில் பல ஆண்டுகள் கோலோச்சியது மணிப்பூர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதியாட்டத்தில் அந்த மணிப்பூரை 2–1 என வென்று, இந்துமதியின் மாநில அணியான தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2–1 கணக்கில் வென்று கோப்பையை மீட்டது.

கிளப் அளவில் இந்துமதியின் முதல் பெரிய வெற்றி மதுரையின் சேது எஃப்.சி.யுடன் வந்தது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என வென்று, இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றிய முதல் தமிழ்நாட்டு அணியானது சேது. 2022–23இல் கோகுலம் கேரளா அணியுடன் இரண்டாவது பட்டம். 2023–24இல் ஒடிசா எஃப்.சி.யுடன் மூன்றாவது. அந்தப் பருவத்தில்தான் லீக் முதன்முறையாக ஏழு அணிகள் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறிமாறி ஆடும் முறைக்கு மாறியது. ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாக இருந்தது, பல மாதங்கள் உடல்தகுதியையும் ஆட்டத்திறனையும் காக்கவேண்டிய லீக்காக மாறிய முதல் ஆண்டிலேயே ஒடிசாவின் பட்டத்தில் இந்துமதிக்குப் பெரும் பங்கு இருந்தது. சிறந்த வீராங்கனை விருதும் அந்தப் பருவத்துக்கே கிடைத்தது. விருது பெற்றபோது அவருக்கு வயது முப்பது.

காக்கிச் சீருடை

2020இல் ஊரடங்கு வந்து மைதானங்கள் மூடப்பட்டபோது, இந்துமதி சென்னையில் காவல் பணியில் இருந்தார். சக வீராங்கனைகள் வீட்டு மாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்த நாட்களில், முகக்கவசத்துடன் சாலையில் நின்று வாகனங்களைத் தணிக்கை செய்தார்.

இந்த வேலை அவருடைய ஆட்ட வாழ்க்கைக்கு அடித்தளம். பெண்கள் கால்பந்தில் லீக் சம்பளம் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தப் போதாது. கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பந்தை மறந்துவிடும் திறமைசாலிகள் ஏராளம். தமிழ்நாட்டில் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்குப் பத்து சதவீத ஒதுக்கீடு உண்டு. மாதச் சம்பளமும் போட்டிகளுக்குச் செல்ல விடுப்பும் கிடைக்கும் இத்தகைய வேலை ஒரு வீராங்கனையின் ஆட்ட ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்கிறது.

முக்கியத்துவம்

பெண்களுக்கான அகாடமி இல்லாத காவிரி டெல்டா ஊர்கள் பல. திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ பள்ளி மைதானத்தில் பந்து உதைக்கும் ஒரு மாணவிக்கு மும்பையோ கொல்கத்தாவோ எட்டாத தூரம்; கடலூர் அப்படியல்ல. மாவட்ட அணி, மாநில அணி, அரசு வேலை, தேசிய லீக், இந்தியச் சீருடை என்று இந்துமதி ஏறிய படிகள் ஒவ்வொன்றும் அந்த மாணவிக்கும் உண்டு. பள்ளியில் ஒரு பயிற்சியாளர், ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் மாவட்டப் போட்டி, பதினெட்டு வயதுக்குப் பிறகும் ஆடவிடும் குடும்பம் ஆகிய மூன்றும் அமைந்தால், அடுத்த இந்துமதி டெல்டாவின் எந்த ஊரிலிருந்தும் வரலாம்.