பெர்ல் நிரலாளர்களின் உதவி மரபு

பெர்ல் என்பது அமெரிக்க நிரலாளர் லாரி வால் 1987ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட ஸ்கிரிப்ட் மொழி ஆகும். கோப்புகளைத் திறந்து படிப்பது, வேண்டிய வரிகளைப் பொறுக்குவது, அவற்றை வரிசைப்படுத்துவது, அறிக்கையாக அச்சிடுவது போன்ற அன்றாடக் கணினி வேலைகளுக்காகவே அது பிறந்தது. அதன் வரலாற்றைப் பதிப்பு எண்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி முதலில் ஒருவருடைய பதிலாக இருந்தது. பிறகு கையேட்டில் ஒரு பத்தியாயிற்று. அதன் பின் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் மாட்யூலாயிற்று. சில வேளைகளில் மொழியின் இலக்கணத்திற்குள்ளேயே புகுந்துவிட்டது.

திருத்தத்தை மட்டும் அனுப்புதல்

பெர்லுக்கு முன்பே லாரி வால் யூனிக்ஸ் பயனர்களிடையே அறியப்பட்டவர். 1985இல் அவர் 'பேட்ச்' என்ற சிறு நிரலை எழுதினார். அக்காலத்தில் கணினிகள் தொலைபேசி இணைப்பு வழியே மெதுவாகவே பேசிக்கொண்டன. ஒருவர் எழுதிய நிரலில் இன்னொருவர் பிழை கண்டால், திருத்திய கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்புவது பெரும் செலவு. எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்பதை மட்டும் ஒரு பட்டியலாக அனுப்பினால், பெற்றவரின் கணினியில் பேட்ச் அந்த மாற்றங்களைத் தானே செய்துவிடும். இடையில் மூலக்கோப்பு சற்று மாறி, வரிகள் மேலோ கீழோ நகர்ந்திருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து உரிய இடத்தைக் கண்டுபிடிக்கும்.

இதனால் உதவியின் தன்மையே மாறியது. அதுவரை "உங்கள் நிரலில் இன்ன இடத்தில் தவறு" என்று சொல்லத்தான் முடிந்தது. இப்போது தவறைச் சுட்டும் கடிதமே திருத்தமாகவும் இருந்தது. பெர்ல் வெளியானபோது, முன்பின் அறியாதவர்கள் ஊர் ஊராக இருந்து அதைத் திருத்த முடிந்ததற்கு இக்கருவி முன்பே வழி செய்திருந்தது.

ஆக் மொழி தடுமாறிய இடம்

பெர்லின் பிறப்பே ஓர் அலுவலகச் சிக்கலில்தான். லாரி வால் பணியாற்றிய இரகசியத் திட்டம் ஒன்றில் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவிலும் பென்சில்வேனியாவின் பாவோலியிலும் இரு குழுக்கள் இருந்தன. இரு கரைகளிலும் நடக்கும் நிரல் மாற்றங்களை ஒரே கட்டுப்பாட்டில் வைக்க, யூஸ்நெட் என்ற பொது மடல் அமைப்பின் மென்பொருளையே அவர் மாற்றியமைத்துப் பயன்படுத்தினார். பிறகு அந்த மடல்களிலிருந்து அறிக்கை தயாரிக்கும்படி மேலாளர் கேட்டார். யூனிக்ஸில் அறிக்கை வேலைக்கு இருந்த மொழி 'ஆக்'. ஒரு கோப்பைப் படிக்கும்போதே அதில் குறிப்பிடப்பட்ட வேறு கோப்புகளைத் திறந்து மூடும் வேலை அதற்குக் கைவரவில்லை. அந்த ஓர் அறிக்கைக்காக ஒரு குறுக்குவழியை எழுதி முடித்திருக்கலாம். லாரி வால் ஒரு மொழியையே எழுதினார்.

அதைத் தன் அலுவலகத்தோடு நிறுத்தாமல் மூலநிரலுடன் யூஸ்நெட்டில் வெளியிட்டார். ஆக் நிரல்களையும் 'செட்' நிரல்களையும் பெர்லுக்கு மாற்றித் தரும் இரண்டு கருவிகளும் கூடவே வந்தன. புதிய மொழிக்கு வருபவர் பழைய உழைப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1989இல் மூன்றாம் பதிப்பும், 1991இல் நான்காம் பதிப்பும் வந்தன. லாரி வாலும் ராண்டல் சுவார்ட்ஸும் எழுதிய, அட்டையில் ஒட்டகப் படம் கொண்ட நூல் 1991இல் வெளிவந்தது. சோம்பல், பொறுமையின்மை, செருக்கு ஆகிய மூன்றும் நிரலாளரின் நற்பண்புகள் என்று அரை வேடிக்கையாகச் சொன்னது அந்த நூல்தான். அதன் பிற்பதிப்பு தரும் விளக்கப்படி, பிறருக்கும் பயன்படும் நிரலை எழுதி, அதற்கு விளக்கக் குறிப்பும் எழுதி வைப்பதே உண்மையான சோம்பல். அப்படிச் செய்தால் பிறகு யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வேடிக்கையை நீக்கிப் பார்த்தால் இந்த மரபின் இயங்குமுறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அடிக்கடி வந்த கேள்விகள்

பெர்லுக்கெனத் தனி யூஸ்நெட் குழு அமைந்த பின், ஒரே கேள்விகள் வாரந்தோறும் வந்தன. 19.95 என்று வர வேண்டிய விடை ஏன் 19.9499999999999 என்று வருகிறது? ஒரு பட்டியலில் இரண்டு முறை வந்தவற்றை நீக்குவது எப்படி? ஒரு மாறியின் பெயரை இன்னொரு மாறியில் வைத்து அழைக்கலாமா? முதற்கேள்விக்கான விடை பெர்லைப் பற்றியதே அன்று. மூன்றில் ஒரு பங்கைத் தசம எண்ணில் முழுமையாக எழுத முடியாதது போல, 0.95ஐ இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. கணினி அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. இதை ஆயிரம் பேருக்கு ஆயிரம் முறை விளக்குவதைவிட ஒரு முறை நன்றாக எழுதி வைப்பது மேல். டாம் கிறிஸ்டியன்சனும் பிறரும் இத்தகைய கேள்விகளைத் தொகுத்துப் பராமரித்தனர். 1997இல் வெளியான 5.004 பதிப்பிலிருந்து அத்தொகுப்பு ஒன்பது பகுதிகளாகப் பெர்லுடனேயே வருகிறது. கட்டளை வரியில் ஒரு சொல்லைக் கொடுத்தால், அது இடம்பெறும் கேள்வி விடையுடன் திரையில் தோன்றும். இணைய இணைப்பே இல்லாத கணினியிலும் இது வேலை செய்யும்.

வேறு சில கேள்விகளுக்கு விளக்கம் போதவில்லை. விசைப்பலகையிலிருந்தோ கோப்பிலிருந்தோ படித்த வரியின் கடைசியில் வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கப் பழைய பெர்லில் 'சாப்' என்ற கட்டளை இருந்தது. ஆனால் அது கடைசி எழுத்து எதுவானாலும் வெட்டிவிடும். வரிமுறிவு இல்லாமல் முடியும் கோப்பில் பெயரின் கடைசி எழுத்தே போய்விடும். ஐந்தாம் பதிப்பில் வந்த 'சாம்ப்', வரிமுறிவு இருந்தால் மட்டுமே நீக்குகிறது. இன்று பெர்ல் கற்பவர் முதல் நாளிலேயே சந்திக்கும் கட்டளை இது.

பதில் சொன்னவர்கள் எப்போதும் இனிமையாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. கையேட்டைப் படித்துவிட்டு வரும்படி விரட்டுவதும், கேள்வியின் அமைப்பைக் கிண்டல் செய்வதும் நடந்தன. தொகுப்பில் விடை இருக்கிறது என்பதே புதியவரை ஏசுவதற்கு ஒரு காரணமாகிப்போன நேரங்களும் உண்டு. மாறியின் பெயரை மாறியில் வைப்பது பற்றிய கேள்வி இதற்கு மாறான நல்ல எடுத்துக்காட்டு. கேட்டவருக்கு உண்மையில் தேவைப்பட்டது பெரும்பாலும் ஹாஷ் என்ற பெயர்–மதிப்பு அட்டவணை. பொறுமையான பதிலாளர்கள் கேட்டதற்கு மட்டும் விடை தராமல், என்ன செய்ய முயல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டு அந்த அட்டவணையைக் காட்டினார்கள்.

கடைசிச் சொல்லால் வரிசைப்படுத்துதல்

1994 டிசம்பரில் யூஸ்நெட்டில் ஒருவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு வரியிலும் ஒருவருடைய பெயர் இருக்கிறது. வரிகளைக் கடைசிச் சொல்லான குடும்பப்பெயரின்படி அடுக்க வேண்டும். பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடும் தமிழ் வழக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. வரியை அப்படியே அடுக்கினால் 'அ. செல்வம்' முன்னும் 'செ. அன்பழகன்' பின்னும் வரும். பெயரால் அடுக்கினால் நேர்மாறாக வர வேண்டும்.

நேரான வழி, இரண்டு வரிகளை ஒப்பிடும்போதெல்லாம் இரண்டிலிருந்தும் கடைசிச் சொல்லைப் பிரித்தெடுப்பது. ஆயிரம் வரிகளை அடுக்க ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகள் தேவைப்படலாம். அப்படியானால் பிரித்தெடுக்கும் வேலை மட்டும் 20,000 முறை நடக்கும். ராண்டல் சுவார்ட்ஸ் அனுப்பிய பதில் சில வரிகளே. முதலில் ஒவ்வொரு வரியையும் அதன் கடைசிச் சொல்லையும் ஒரு சோடியாகக் கட்டு. அந்தச் சோடிகளைக் கடைசிச் சொல்லின்படி அடுக்கு. பிறகு சோடியை அவிழ்த்து வரியை மட்டும் எடு. இப்போது பிரித்தெடுப்பது ஆயிரம் முறைதான். லிஸ்ப் மொழியினர் முன்பே அறிந்திருந்த உத்தி இது. ஆனால் பெர்லில் இப்படிச் சோடி கட்டுவதற்கான வசதியே அவ்வாண்டு அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. புதிய வசதியால் என்ன செய்யலாம் என்பதைக் கையேட்டைவிட இந்தப் பதிலே பலருக்குக் காட்டியது.

பதிலின் நடை கடினமானது. நிரலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். சுவார்ட்ஸ் விளக்கமும் தரவில்லை. டாம் கிறிஸ்டியன்சன் படிப்படியாக விளக்கி எழுதிய பிறகே அது பரவியது. 'சுவார்ட்ஸியன் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற பெயரும் அந்த உரையாடலின் தொடர்ச்சியாகவே நிலைத்தது. விடை கண்டவர் ஒருவர், அதைப் பிறர் கைக்கு எட்டச் செய்தவர் இன்னொருவர். பெயரில் முன்னவர் மட்டுமே இருக்கிறார். 2004இல் பைத்தான் 2.4 பதிப்பு, அடுக்குவதற்கான திறவுகோலைத் தனியே கொடுக்கும் வசதியைத் தன் வரிசைப்படுத்தும் கட்டளையிலேயே சேர்த்தது. அடிப்படை ஒன்றுதான்.

தமிழுக்கு இத்தகைய திறவுகோல் இன்றியமையாதது. யூனிகோடு எண்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் லகரத்துக்கு முன்னும் இருக்கின்றன. அந்த எண்களை மட்டும் நம்பி அடுக்கினால் அகராதி வரிசை கிடைக்காது. நெடுங்கணக்கின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எடையைக் கொடுத்து, அந்த எடையால் அடுக்க வேண்டும்.

இத்தகைய கேள்விகளும் விடைகளும் திரண்டு 1998இல் டாம் கிறிஸ்டியன்சனும் நாதன் டார்கிங்டனும் எழுதிய 'பெர்ல் குக்புக்' என்ற நூலாயிற்று. சமையல் குறிப்பு போல ஒவ்வொரு பகுதியும் சிக்கல், தீர்வு, விளக்கம் என்ற முறையில் அமைந்தது.

தவறான உதவி

இலவசமாகக் கிடைக்கும் விடை தவறாக இருந்தால் அதுவும் அதே வேகத்தில் பரவும். 1990களின் நடுவில் இணையதளம் அமைத்த பலருக்கு நிரலாக்கம் தெரியாது. வாசகர் படிவத்தில் எழுதுவது மின்னஞ்சலாக வந்தால் போதும் என்பதே அவர்கள் தேவை. மாட் ரைட் என்ற இளைஞர் அதற்கான 'ஃபார்ம்மெயில்' உட்படப் பல பெர்ல் நிரல்களை இலவசமாக வெளியிட்டார். நிறுவுவது எளிது, விளக்கமும் தெளிவு. எனவே அவை உலகெங்கும் பரவின. ஆனால் மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஃபார்ம்மெயில் படிவத்திலிருந்தே பெற்றுக்கொண்டது. படிவத்தை மாற்றி அனுப்பத் தெரிந்த எவரும் அடுத்தவரின் வழங்கி வழியே யாருக்கும் அஞ்சல் விட முடிந்தது. குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டனர்.

அனுபவமுள்ள பெர்ல் நிரலாளர்கள் பல ஆண்டுகள் இந்நிரல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று மட்டுமே சொல்லிவந்தனர். மாற்று எதையும் தராத அந்த அறிவுரையால் பயன் விளையவில்லை. 2001இல் இலண்டன் பெர்ல் குழுவினர் வேறு வழியை எடுத்தனர். அதே பெயரில், அதே படிவங்களுடன் வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பான நிரல்களை எழுதி வெளியிட்டனர். பழைய கோப்பின் இடத்தில் புதிய கோப்பை வைத்தால் போதும். மாட் ரைட்டே தன் தளத்தில் அவற்றைப் பரிந்துரைத்தார். தேவைப்பட்டவரின் நிலைக்கு இறங்கி வந்து தரப்பட்ட திருத்தம் இது. சில ஆண்டுகள் முன்பே செய்திருந்தால் எவ்வளவோ குப்பை அஞ்சல் மிஞ்சியிருக்கும்.

சீபேன் காப்பகம்

ஒருவர் எழுதிய தீர்வை மற்றவர் தேடி எடுக்க ஒரே இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் 1995 அக்டோபரில் சீபேன் காப்பகம் திறக்கப்பட்டது. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு முன்பே இருந்த காப்பகம் அதற்கு முன்மாதிரி. பின்லாந்தின் யார்க்கோ ஹியெட்டானியெமி, ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் கோனிக் ஆகியோரின் உழைப்பு இதில் முதன்மையானது. உலகெங்கும் உள்ள வழங்கிகள் அதன் படியை வைத்துக்கொண்டன. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் உள்ளன. 1998 முதல் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் புதிய மாட்யூல்களைச் சோதித்து, எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது, எதில் முறிகிறது என்று அறிவிக்கின்றனர். எழுதியவரிடம் இல்லாத கணினிகளில் எல்லாம் அவருடைய நிரல் இவ்வாறு ஓடிப் பார்க்கப்படுகிறது.

காப்பகம் முதிர முதிர வேறொரு சிக்கல் எழுந்தது. மாட்யூல்களை எழுதியவர்கள் வேலை மாறினார்கள், ஆர்வம் இழந்தார்கள், சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் எழுதியதையோ ஆயிரக்கணக்கான நிரல்கள் இன்னும் நம்பியிருந்தன. இதற்காகச் சீபேனின் பதிவேற்ற வழங்கியில் மனிதர் அல்லாத மூன்று பயனர் பெயர்கள் உருவாக்கப்பட்டன. 'அடாப்ட்மீ' என்ற பெயர் ஒரு மாட்யூலின் பொறுப்பாளர் வரிசையில் இருந்தால், அதைத் தத்தெடுக்க யாரும் முன்வரலாம். 'ஹேண்டாஃப்' இருந்தால், எழுதியவர் அதை வேறொருவர் கையில் ஒப்படைக்க விரும்புகிறார். மூன்றாவது 'நீட்ஹெல்ப்'. தன் மாட்யூலைத் தானே வைத்துக்கொண்டு, அதைப் பராமரிக்க ஒரு துணை தேடுபவர் இடும் பெயர் அது.