நற்பங்கு: உருசியச் சிந்தனை வரலாற்றில் ஒரு சொல்

உருசிய மொழியில் இன்பவாழ்வைக் குறிக்கும் தலைமைச் சொல் 'ஷ்சாஸ்தியே' என்பதாகும். உள்ளத்தெழும் உவகையைச் சுட்ட 'ராதஸ்த்' என்னும் வேறு சொல் அம்மொழியில் உண்டு. ஆகவே முன்னதை 'மகிழ்ச்சி' எனப் பெயர்த்து அமைவது போதாது.

இச்சொல்லின் அடி 'பங்கு' எனப் பொருள்படும் 'சாஸ்த்' ஆகும். முன்னொட்டு 'நல்ல' என்னும் பொருளது. வடமொழிச் 'சு' என்பதோடு உறவுடையது என்பர் சொற்பிறப்பியலார். எனவே 'நற்பங்கு' என்பதே மூலப்பொருளாகும். தமிழில் வழங்கும் 'சௌபாக்கியம்' என்ற வடசொல்லும் இவ்வமைப்பினதே. தமிழ்ச் சொல்லாகிய 'பால்' என்பதும் பகுதி, ஊழ் ஆகிய இரண்டையும் குறிக்கும். ஊழைக் குறிக்கும் 'உச்சாஸ்த்', பங்கேற்பையும் பரிவையும் குறிக்கும் 'உச்சாஸ்தியே' ஆகிய உருசியச் சொற்களும் அதே அடியிற் பிறந்தவை.

1797இல் கரம்சின் இன்பவாழ்வு பற்றி ஓர் உரையாடல் நூல் வெளியிட்டார். இயற்கையோடு இயைந்த தனிமனித வாழ்விலேயே அவர் அதனைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் வினா மாறியது. தம் உடன்பிறந்தாராகிய மாந்தர் ஒவ்வொருவர் நிலை குறித்தும் அமைதி பெறாதவரை, இலவயமாகக் கிடைப்பினும் இன்பம் வேண்டா எனப் பெலின்ஸ்கி 1841இல் நண்பர் போத்கினுக்கு எழுதினார். செர்னிஷேவ்ஸ்கியின் 'என்ன செய்ய வேண்டும்?' (1863) என்னும் புதினம், அறிவார்ந்த தன்னலமும் பொதுநலமும் முரண்படா என வாதிட்டது. 1880இல் புஷ்கின் நினைவுச் சொற்பொழிவில் தஸ்தயேவ்ஸ்கி, பிறர் துயரின்மீது ஒருவர் தம் இன்பத்தை எழுப்பலாகுமா என வினவினார். 1920-21இல் சம்யாத்தின் எழுதிய 'நாம்' என்னும் புதினமோ, அரசே அளந்து வழங்கும் இன்பம் விடுதலையை விழுங்குவதைக் காட்டியது. அந்நூல் சோவியத் நாட்டில் 1988இல்தான் அச்சேறியது.

சொற்பிறப்பே இச்சிந்தனைகளைத் தோற்றுவித்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பேச்சுவழக்கில் அப்பழம்பொருள் மங்கிவிட்டது. எனினும் 'யாருடைய பங்கு? எவர் இழப்பில்?' என்னும் வினா இவர்களிடையே தொடர்ந்து வருதல் கருதத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் ஒரு பயன் உண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் வினாவில் 'ஷ்சாஸ்தியே', 'நெஷ்சாஸ்தியே' என்னும் இரண்டும் எதிர்மறை முன்னொட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. 'இன்பம்', 'துயரம்' என ஈரடிச் சொற்களாற் பெயர்த்தால் அவ்வுறவு அறுந்துபோம். 'பேறு', 'பேறின்மை' எனப் பெயர்ப்பின், ஒருவர் பெற்றது மற்றவர் பெறாதது என்னும் அறச்சிக்கல் தமிழிலும் புலனாகும். எல்லா இடத்திற்கும் 'பேறு' பொருந்தாது. ஆயின் பங்கீடே பொருளாகும் இடங்களில் அதனை விலக்குதல் கருத்திழப்பாகும்.